ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்

என் அக்காவுக்குப் பின்னம் என்றாலே ஆகாது. கணக்கில் ஒரு பின்னத்தைப் பார்த்துவிட்டால், பகுதியால் இரண்டு பக்கமும் பெருக்கி அதை ஒழித்துக்கட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். கணக்கில் அவள் புலி. நான் அதே பாடத்தில் முட்டி மோதித் தேறியவன். இருவரும் ஒரே பெயின்ட் ஆலையில் இன்ஜினியர்கள். அவள் கணக்குப் போடுவாள், நான் ஏறிப் பார்ப்பேன்.

அன்று மதியம் பெரிய கலவை உருளையின் வாயருகே, ஒற்றைப் பலகையில், கீழே பார்த்தால் தலை சுற்றும் உயரத்தில் நின்றேன். உருளை சுற்றச் சுற்ற, உள்ளே காய்ந்து ஒட்டிய பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். புது மோட்டார் போட்ட பிறகு இதுதான் முதல் தடவை. எந்த வேகத்தில் பலகை தாங்கும் என்று அக்கா கணக்கிட்டு, எதிர்ச் சுவரின் கரும்பலகையில் எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தாள். வேக எண்தான் x. தொகுதி x² − 7x + 10, பகுதி x − 4. இந்தப் பின்னம் பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால் ஆள் ஏறலாம். மைனஸில் போனால் ஆட்டம் தாங்காமல் பலகையின் போல்ட்டுகள் கழன்றுவிடும். கடைசி வரியில் அவள் முடிவு இருந்தது: இரண்டு வரை ஏறலாம், ஐந்திலிருந்து ஏறலாம், நடுவில் கூடவே கூடாது.

மெக்கானிக் வேகத்தை ஒன்றில் வைத்துவிட்டு சுவிட்ச் அருகே நின்றார். மெதுவாகச் சுற்றினால் ஆபத்தில்லை என்றுதானே யாருக்கும் தோன்றும்?

பலகை நடுங்கியது. லேசாகத்தான், ஆனால் அடங்கவில்லை. பயத்தை மறக்க, எதிரே இருந்த கணக்கில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மேலே ஒன்று கழித்தல் ஏழு கூட்டல் பத்து, நாலு. கீழே ஒன்று கழித்தல் நாலு, மைனஸ் மூன்று. அப்படியானால் பின்னம் மைனஸ்.

கூடாது என்று அவள் எழுதிய நடு எண்களில் மூன்றைப் போட்டேன். மேலே மைனஸ் இரண்டு, கீழே மைனஸ் ஒன்று, விடை பிளஸ். எல்லாம் தலைகீழாக வந்தது. ஒன்று எனக்குத் தப்பு, இல்லை அக்காவுக்குத் தப்பு. இரண்டாவது எங்கள் வீட்டில் நடந்ததே கிடையாது. மைனஸைக் கோட்டைவிடுவது எப்போதும் நான்தான்.

"என்ன சார், முகமே வெளுத்துப் போச்சு? நிறுத்திடவா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வேணாம், ஓடட்டும்," என்றேன்.

நட்டு ஒன்று கழன்று, மெக்கானிக் கண்ணில் படாத பக்கம் விழுந்து உருண்டது. பலகையின் ஒரு முனை விரற்கடை இறங்கியது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கால் மரத்துப்போய் ஏணிப் பக்கம் நகரக்கூட முடியவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன்.

அப்போது அக்கா செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. மெக்கானிக்கைத் தள்ளிவிட்டு அவளே சுவிட்சை அணைத்தாள். உருளை முனகி நின்றது. அவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் எப்படியோ இறங்கினேன்.

தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி அவள் சொன்னாள். நாலுக்குக் கீழே x − 4 மைனஸ். மைனஸால் பெருக்கினால் பெரிது-சிறிது குறியைத் திருப்ப வேண்டும். பின்னத்தை ஒழிக்கும் அவசரத்தில் அவள் திருப்பவில்லை. இரண்டிலிருந்து நாலைத் தொடாமல் அதற்கு முன்பு வரை, பிறகு ஐந்திலிருந்து மேலே. இதுதான் சரியான விடை. அடுத்த உருளைக்குக் கணக்கிடும்போது உறைத்ததாம்.

"நீயாவது ஒன்னைப் போட்டுப் பார்த்திருக்கலாமேடா," என்றாள்.

"பார்த்தேன்."

"என்ன வந்துச்சு?"

"மைனஸ்."

"அப்புறம் ஏன்டா இறங்கல?"

"நீ கையெழுத்துப் போட்டிருந்தியேக்கா."

அவள் எழுந்து போய், கணக்கை அப்படியே விட்டுவிட்டு, கையெழுத்தை மட்டும் உள்ளங்கையால் அழித்தாள். இனி நான் யாரை நம்பி ஏறுவேன்?