குறை சொல்லத் தெரிந்த நாக்கு

என் வீட்டுக்காரர் என் சமையலைப் பாராட்ட ஆரம்பித்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் போனது.

சிரிக்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து குறை சொல்லியே சாப்பிட்ட மனிதர் அவர். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது தொழில். பத்து மாடி ஏறி இறங்குகிற பெட்டிக்குள் நின்றுகொண்டு, கண்ணை மூடி, எந்த மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். தட்டில் முதல் வாய் எடுத்து வைப்பார், கண்ணை மூடுவார். நான் கரண்டியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். "பீன்ஸ் ஒரு கொதி அதிகமா வெந்துடுச்சு" என்பார். "வெங்காயம் அவசரப்பட்டிருக்கு" என்பார். வெங்காயம் எங்கே அவசரப்பட்டது, அவசரப்பட்டது நான்தானே! உடனே நான் இடுப்பில் கை வைத்து, "அப்படின்னா நாளையிலேர்ந்து நீங்களே சமைச்சுக்குங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை போடச் சொல்லித் தட்டை நீட்டுவார். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் இவ்வளவும் சேர்ந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. காலையில் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. மத்தியானம் ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்தால் கை தன்பாட்டுக்குப் போடும். ருசி பார்க்கத்தான் ஒருத்தர் இருக்கிறாரே, அப்புறம் நான் எதற்கு?

வீட்டுக்குப் பின்னால், துணி உலர்த்துகிற கொடிக்கும் மதிலுக்கும் நடுவில் கொஞ்சம் மண் இருக்கிறது. தக்காளி, கத்தரி, பீன்ஸ், மிளகாய், புதினா, ஒரு கீரைப் பாத்தி. மதில் மேல் சுரைக்கொடி. மண்ணில் இருக்கும்வரை எல்லாம் அவர் பொறுப்பு, சமையலறைப் படி தாண்டிவிட்டால் என் பொறுப்பு. வெள்ளரியும் சுரையும் மட்டும் விதிவிலக்கு. இந்த இரண்டிலும் சில காய் பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே கசப்பு. கசந்த சுரைக்காய் வயிற்றுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு வெட்டி, நாக்கில் வைத்துப் பார்த்து, "ம், வெட்டு" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் கத்தியை எடுப்பேன். அந்த நாக்கை நம்பித்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடந்தது.

அப்படிப்பட்டவர், ஒரு சளிக்காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, முதல் நாள் கஞ்சியைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். நோய்வாய்ப்பட்ட மனிதர், பரிதாபப்பட்டுச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கீரை. "நல்லா இருக்கு." அதற்கு மறுநாள் கத்தரிக்காய். "ரொம்ப நல்லா இருக்கு." ரொம்பவா! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது.

ஒருநாள் கீரை அடிப்பிடித்துவிட்டது. சட்டியைச் சுரண்டும்போதே எனக்குத் தெரியும், இன்று பூசை உண்டு என்று. பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தட்டை வழித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். தயாராக வைத்திருந்த பதிலோடு நான் சட்டியைத் தேய்க்கப் போனேன்.

என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மாமா திருந்திட்டாருக்கா. அனுபவி" என்றான்.

"திருந்தி எனக்கு என்னடா ஆகப்போகுது? மனுஷன் என் சாப்பாட்டைக் கவனிக்கறதே இல்ல. கடனேன்னு முழுங்கறார்."

"குறை சொன்னா அழறே, சொல்லாட்டியும் அழறே. உனக்கு என்னதான் வேணும்?"

என்னதான் வேண்டும்? எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்த முதல் வாயில் கண்ணை மூடுகிறாரே, அது வேண்டும். உலகத்தில் வேறு யார் நான் வதக்கிய வெங்காயத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தார்கள்? இப்போது கண்ணை மூடுவதே இல்லை. வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாமலிருந்தால் மூச்சு முட்டியது.

போதாக்குறைக்குத் தோட்டத்தில் ஒரு திருடன். புதினாவின் கொழுந்தெல்லாம் கிள்ளிக் கிடந்தது. மல்லித்தழை பாதி மொட்டை. தக்காளி இலை கசங்கித் தொங்கியது. எல்லாவற்றையும் விட, செடிக்கடியில் பாதி கடித்துப் போட்ட பச்சை மிளகாய்!

"அணிலா இருக்கும்" என்றார் அவர், முகத்தை இம்மியும் அசைக்காமல்.

"பச்சை மிளகாயைக் கடிக்கிற அணிலை நான் கேள்விப்பட்டதே இல்ல."

"காலம் கெட்டுப்போச்சு. அணிலுக்கும் நாக்கு செத்துடுச்சோ என்னவோ."

பழைய தகர டப்பாக்களைக் கயிற்றில் கோத்து நான் கட்டினேன். காற்றடித்தால் சத்தம் போடும், அணில் வராது. முடிச்சு தளர்வாக இருக்கிறது என்று அவரே ஏணி வைத்து ஏறி இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். அப்போதும் அணில் வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தான். கொடியில் அந்த வருஷத்து முதல் சுரைக்காய், பிஞ்சுமில்லை முற்றலுமில்லை, நகம் பதிகிற பதம். அவர் அறுத்துக்கொண்டு வந்து, படியிலேயே உட்கார்ந்து, காம்புப் பக்கம் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றார். "ம், நல்லா இருக்கு. வெட்டு."

வெட்டினேன். அன்றைக்கு என்னவோ ஒரு வீம்பு. இந்த மனிதரைக் கண்ணை மூட வைக்காமல் விடுவதில்லை என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன். வெங்காயத்தை அவசரப்படுத்தாமல், ஓரம் பழுப்பாகிற வரைக்கும் நின்று வதக்கினேன். கையால் பிசைந்த தக்காளி. அது சுருண்டு எண்ணெய் விட்ட பிறகு பீன்ஸ். கடைசியில்தான் சுரைக்காய், இல்லாவிட்டால் குழைந்துவிடும். இறக்கி வைத்து, அணில் மிச்சம் வைத்த மல்லித்தழையைத் தூவினேன். வாசனை மதில் தாண்டிப் போயிருக்கும்.

மூன்று தட்டிலும் சோறு போட்டு, அதன்மேல் ஊற்றினேன். தம்பி ஒரு வாய் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கரண்டி நழுவியது. எழுந்து ஓடித் தொட்டியில் துப்பினான்.

"அக்கா! என்னக்கா இது? மருந்து பாட்டிலைக் கவுத்துட்டியா? நாக்கே சுருண்டுபோச்சு!"

ஒரு துளி விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, காதுவரை ஏறியது.

திரும்பிப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் நாலாவது வாயை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறார்.

"துப்புங்க!" என்று கத்தியபடி தட்டைப் பிடுங்கினேன். "துப்புங்கன்னா துப்புங்க! கசக்கலையா உங்களுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். திருடுகிறபோது கையும் களவுமாகப் பிடிபட்ட முழி. "கசக்குதா?" என்றார், மெதுவாக.

அப்போதுதான் எல்லாம் சேர்த்துப் புரிந்தது. தொட்டிக்கு இழுத்துப் போய் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைத்தேன். ஒரு முறை வாந்தி எடுத்தார். எடுக்கட்டும், அதுதான் நல்லது என்று முதுகைத் தடவிக்கொண்டே திட்டினேன். என்ன திட்டினேன் என்று கேட்காதீர்கள். "இப்பவாவது வாயைத் திறங்க. எத்தனை நாளா?"

"காய்ச்சல் வந்ததுலேர்ந்து" என்றார். "ருசியும் இல்ல, வாசனையும் இல்ல. ஈரத் துணியை மெல்ற மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"மொத நாள் கஞ்சி கொடுத்துட்டு, நான் பொழச்சு வந்த சந்தோஷத்துல எம் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னே. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். மறுநாள் மாத்திச் சொல்ல வாய் வரல. ரெண்டு நாள்ல சரியாயிடும்னு நெனைச்சேன். ஆகல."

"சுரைக்காய்லயா பொய் சொல்லுவாங்க? என் தம்பி செத்திருப்பானே!"

"மாப்ள கசப்பைக் கண்டுபிடிச்சுடுவான்னு ஒரு தைரியம்" என்று சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "தப்புதாம்மா. துண்டை வாயில போட்டதும் ஒண்ணும் தெரியல. தெரியலன்னு சொல்ல பயமா இருந்துச்சு."

தம்பி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஒரு நிமிஷம் மாமா. அப்போ அந்தப் பச்சை மிளகாய் அணில்…"

என் வீட்டுக்காரர் சட்டைப் பையில் கை விட்டு ஒரு கசங்கிய புதினாக் கொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "தினமும் விடிஞ்சதும் போய் ஒவ்வொண்ணா கடிச்சுப் பாப்பேன், மோந்து பாப்பேன். மிளகாய் எரியுது. ஆனா எரியறது மட்டும்தான். வேற ஒண்ணும் வரல."

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏணி மேல ஏறி உங்களுக்கு நீங்களே டப்பா கட்டிக்கிட்டீங்களா!"

நான் சிரிக்கவில்லை. அழுதேன். நான் சமைத்ததை அவர் மதிக்கவில்லை என்று எத்தனை ராத்திரி குப்புறப் படுத்து மறுகியிருக்கிறேன்! இந்த மனிதர் என்னடாவென்றால் ஆடு மாதிரி பாத்தி பாத்தியாக இலையைக் கடித்துத் திரிந்திருக்கிறார்.

"அப்போ நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னதெல்லாம் பொய்தானே?" என்றேன்.

"பொய் இல்ல" என்றார் உடனே. "காது நல்லாத்தானே இருக்கு? வெங்காயம் போட்டதும் ஒரு சத்தம், தண்ணி வத்தினதும் வேற சத்தம், பழுப்பாகறப்ப சத்தம் அடங்கிடும். அடுத்த ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னிக்கு வெங்காயம் அவசரப்படவே இல்ல. சரியா?"

சரிதான்.

அன்றைக்குத் தம்பி தக்காளியை வெட்டிப் போட்டு முட்டை கிளறினான். அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். சுரைக்காய்க் குழம்பை ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும், பெரும்பாலும் மெல்லத் திரும்பும், காரமான வாசனையாகக் காலையும் மாலையும் மோந்து பழகச் சொல்லுங்கள் என்றார். "அதை அவர் அணிலா இருந்தப்பவே ஆரம்பிச்சுட்டார்" என்றேன். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்கப்புறம் நான் அவர் காதுக்குச் சமைத்தேன். பீன்ஸை அரை வேக்காட்டில் இறக்கினேன், கடித்தால் 'நறுக்'கென்று கேட்கும். பூசணி விதையை வறுத்துத் தூவினேன். வெள்ளரியை நானே நாக்கில் வைத்துப் பார்த்து, தடித் தடித் துண்டாக வெட்டிக் கொடுத்தேன். கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்தேன். சாப்பிடும் நேரத்தில் ரேடியோவை நிறுத்திவிடுவோம். "இன்னிக்குக் கத்தரிக்காய் நல்லா பேசுது" என்பார். காலையில் இரண்டு பேருமாகத் தோட்டத்தில் நிற்போம். நான் ஒரு இலையைக் கசக்கி அவர் மூக்கடியில் நீட்டுவேன், அவர் கண்ணை மூடுவார், இல்லை என்று தலையாட்டுவார். வேலைக்குக் கிளம்புவார். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அவர் தலையாட்டும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று விழும்.

தகர டப்பாக்களை அவிழ்க்கவில்லை. அணில் இன்னும் வந்துகொண்டிருந்ததே.

சுரைக்கொடி காய்ந்து, அந்த இடத்தில் அவர் வேறு விதை ஊன்றியிருந்த சமயம். சாயங்காலம். அடுப்பில் கத்தரிக்காயை வதங்கப் போட்டுவிட்டு, மல்லி கிள்ளத் தோட்டத்துக்கு வந்தேன். கீரைப் பாத்தியில் களை கண்ணில் பட்டது. ஒன்றைப் பிடுங்கினேன், பக்கத்தில் இன்னொன்று. களை பிடுங்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருமா?

வீட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "ஏய்! அடுப்புல என்னமோ கருகுது!"

"அய்யய்யோ, கத்தரிக்காய்!" என்று எழுந்து ஓடினேன். பாதி தூரம் ஓடிய பிறகுதான் கால் நின்றது.

அவர் இருந்தது முன்னறையில். காலணியைக் கூடக் கழற்றவில்லை, வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார். கருகுவதற்குச் சத்தம் கிடையாது.

சமையலறை வாசலில் இருவரும் எதிரெதிரே நின்றோம். புகை சுழன்றது. அவர் மூக்கை உறிஞ்சினார், மறுபடி உறிஞ்சினார். கண் கலங்கியிருந்தது. புகையினால் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். அடுப்பை அணைக்க வேண்டும் என்று ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அதையேதான் சாப்பிட்டோம். வேறு செய்கிறேன் என்றேன், விடவில்லை. கருகியதை ஒதுக்கி, மிச்சத்தைச் சோற்றில் பிசைந்தார். முதல் வாய் வைத்தார். கண்ணை மூடினார். பழையபடி நான் கரண்டியைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் மென்றார்.

"கருகல் வாடை தூக்கலா இருக்கு" என்றார். "கத்தரிக்காய் முத்தல். அதைப் போன வாரமே பறிச்சிருக்கணும்." இன்னும் கொஞ்சம் மென்றார். "உப்பும் பத்தல."

நான் இடுப்பில் கை வைத்தேன். சொல்லி எவ்வளவு காலமாயிற்று! குரல் பாதியில் உடைந்தது, இருந்தாலும் விடவில்லை, முழுசாகச் சொல்லி முடித்தேன்.

"அப்படின்னா நாளையிலேர்ந்து நீங்களே சமைச்சுக்குங்க."

அவர் தட்டை நீட்டினார்.