அகன்ற கொக்கி

சவப்பெட்டியைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் கொக்கியை மாட்டிவிட்டு, கப்பியின் சங்கிலியை இழுக்கத் தொடங்கியிருந்தான் கல்லறைக்காரன் தாசியோ. நெரிசலான துறைமுக ஊரான நவோதாஸில் உயிரோடு இருப்பவர்களுக்கே இடமில்லை, செத்தவர்களுக்கு ஏது? சுவரில் அடுக்கடுக்காக மாடங்கள்தான். பெட்டிக்குள் இருந்த அன்செல்மோவுக்குக் கிடைத்தது நான்காவது அடுக்கு.

ஜெபமாலையை உருட்டியபடி அண்ணாந்து பார்த்த அவரது மனைவி அவுரியாவின் விரல் நின்றுவிட்டது. கொக்கியின் வாய் அகன்றிருந்தது. வாயை மூடும் தகட்டையும் காணோம்.

முப்பத்தோரு வருஷம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பாரந்தூக்கிகளைச் சோதித்தவர் அன்செல்மோ. புளிக்குழம்பு ஆறிப்போகும்வரை கொக்கிப் பேச்சுதான். புதுக்கொக்கியின் வாயில் இரண்டு புள்ளி அடித்து வைப்பார். மாதாமாதம் அந்தப் புள்ளிகளின் இடைவெளியை அளப்பார். விலகியிருந்தால், யாரும் அதைத் தொடாதபடி சிவப்பு அட்டை கட்டிவிட்டுத்தான் மறுவேலை. "'ஒரே ஒரு தடவைதானே'ன்னு எவன் சொல்றானோ, அவன் தலையிலதான் விழும்" என்பார். அவுரியா காதில் வாங்காதவள்போலச் சோற்றைப் பரிமாறுவாள். ஆனாலும் கேட்டது எங்கே போகும்?

பெட்டி தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது.

"நிறுத்துப்பா" என்றாள்.

கொழுந்தன் நிலோ பதறிப்போனான். "என்ன அண்ணி இது! கெளம்பின பெட்டிய நடுவுல நிறுத்தலாமா? வீட்லேர்ந்து இன்னொருத்தரையும் கூட்டிட்டுப் போயிடும்."

"அந்தக் கொக்கியில தூக்கினா இங்கேயே கூட்டிட்டுப் போகும். அடியில நிக்கிறது நீதான்."

நிலோ சட்டென்று நகர்ந்தான். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"பத்து வருஷமா இதுலதாம்மா தூக்குறேன்" என்றான் தாசியோ. "நம்ம ஃபாதர விட கனமான ஆளுங்களையெல்லாம் ஏத்தியிருக்கேன்." பாதிரியார் இருமினார். "நாளைக்கே மாத்திடுறேன். இன்னிக்கு ஒரே ஒரு தடவைதானே."

அவுரியா ஜெபமாலையைக் கைக்குள் சுருட்டினாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் அன்செல்மோ ஷூவின் நாடாவைக் கட்டாமலே வேலைக்குக் கிளம்பினார். கால் வீங்கியிருந்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "இந்த ஒரே ஒரு கப்பல் மட்டும் முடியட்டும்டி" என்றார். ஊருக்குத்தான் உபதேசம். அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தும் அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அவர் போனதிலிருந்து அதை நினைத்து நினைத்து மூன்று நாளாக அவளுக்குத் தூக்கமில்லை.

"அந்தப் பேச்சு மட்டும் வேணாம். பெட்டிய இறக்கு."

குரலைக் கேட்டதும் தாசியோ இறக்கினான். அன்செல்மோவோடு வேலைபார்த்த பட்டறை ஆள் ஒருவன் குனிந்து கொக்கியின் வாயில் விரல்களை வைத்துப் பார்த்தான். எழுந்து மற்றவர்களிடம், "அக்கா சொல்றது சரிதான். சாரம் கட்டுங்கடா" என்றான்.

மூங்கில் வந்தது. எட்டுப் பேர் கைமாற்றிக் கைமாற்றி, ஒரு மணி நேரத்தில் அன்செல்மோவை மேலே ஏற்றினார்கள். பெட்டி எங்கும் இடிக்கவில்லை. கொத்தனார் மாடத்தை அடைக்கும்வரை அவுரியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்தாள். துவைக்கப்போடும் முன் அவர் சட்டைப்பையைத் துழாவி எடுப்பது அவள் வழக்கம். காலையில் கடைசிச் சீருடையில் ஒரு சிவப்பு அட்டை கிடைத்திருந்தது. கொக்கியில் கட்டுவதற்காக அதைச் சுவரில் வைத்து எழுதினாள். காரணம்: வாய் அகன்றுவிட்டது. சோதித்தவர்: அ. டக்கனாய்.

நிலோ எட்டிப் பார்த்தான். "அண்ணன் கையெழுத்துப் போடுற மாதிரியே இருக்கு."

"எம்பேருக்கும் முதலெழுத்து அதுதானே."

தேதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"நிலோ, இன்னிக்குத் தேதி என்னப்பா?"