ஒட்டுத் தெரியாத பாட்டு

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் என்று யாருக்காவது பட்டால் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்த் தாராளமாகப் பிராது கட்டலாம், அவர் விசாரித்துக்கொள்வார். விருத்தாசலத்துப் பக்கத்தில் அவரை நம்புகிற அளவுக்கு வக்கீலை நம்புகிறவர்கள் குறைவு. குறையைத் தாளில் எழுதிக் கோயில் வேலில் கட்டிவிட்டு வந்தால் அவர் தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் மறுபடி போய், வழக்கை எடுத்துக்கொள்கிறேன் என்று ராஜினாமா கொடுக்க வேண்டும். முறை அதுதான். விருத்தாம்பாள் அந்த முறைப்படிதான் தன் வீட்டுக்காரன் தங்கராசுவின் கிடார் மேல் பிராது கட்டினாள்.

கிடார் மேல்தான், புருஷன் மேல் இல்லை. தாளிலேயே அதைத் தெளிவாக எழுதியிருந்தாள். “சாமி, எங்க வூட்டுக்காரரு தங்கமான மனுசன். ஆனா அவரு வாசிக்கிற பாட்டு முடியவே மாட்டங்குது. ஒண்ணு பாட்டு முடியணும், இல்ல கிடாரு வூட்ட வுட்டுப் போவணும்.”

தங்கராசு பீங்கான் கம்பெனியில் அச்சு செய்கிறவன். பொம்மை வார்க்கிற பிளாஸ்டர் அச்சு. இரண்டு பாதியாகச் செய்து, இரண்டையும் சேர்த்துக் கட்டி, உள்ளே மண் கூழை ஊற்ற வேண்டும். பாதியும் பாதியும் சேர்கிற இடத்தில் பொம்மையின் மேல் ஒரு கோடு விழும். அதற்கு ஒட்டு என்று பெயர். தங்கராசு செய்த அச்சில் ஒட்டு விழாது. பிள்ளையாரைப் பிரித்துப் பார்க்க எங்கே பிடிப்பது என்று பிள்ளையாருக்கே தெரியாது என்பார்கள்.

கிடார் மங்கலம்பேட்டையில் வாங்கியது. துபாயிலிருந்து திரும்பிவந்த ஒரு பாய் அதைக் கொடுத்தபோதே சொல்லி அனுப்பினார்: “இதுல ப்ளூஸ்னு அமெரிக்காக்காரன் பாட்டு உண்டு, அத வாசிங்க தங்கராசு. நாள் முழுக்க ஒழைச்சு நொந்து போயி வர்றவனுக்குன்னே உண்டானது. ராகம் தப்பு, தாளம் தப்புன்னு எவனும் வந்து நிக்க மாட்டான்.”

அன்றிலிருந்து தங்கராசு போனைச் சொம்பின் மேல் சாய்த்துவைத்து, தொப்பி போட்ட ஓர் அமெரிக்கரிடம் ப்ளூஸ் கற்றான். அவர் பேசுவது ஒன்றும் புரியாது. விரலை மட்டும் பார்ப்பான். ப்ளூஸ் என்பது பன்னிரண்டு பார், அதாவது தாளக் கட்டு, கொண்ட ஒரு சுற்று. அதில் கடைசி இரண்டு பாருக்கு டர்ன்அரவுண்ட் என்று பெயர். வெளியே சுற்றப் போன பாட்டைக் கையைப் பிடித்துத் திரும்ப வாசலுக்குக் கூட்டிவருகிற வேலை அதற்கு. கிடார் கழுத்தில் குறுக்கே வரிசையாகப் பதித்த கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர்; இரண்டாவது தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் விரலை வைத்து, ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி, கடைசியில் விரலை எடுத்துவிட வேண்டும். முதல் தந்தி தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். இறங்கி முடித்ததும் பி செவன் என்ற கார்டு, பல தந்திகளைச் சேர்த்து மீட்டுகிற சுரக்கூட்டு. அது செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிற விருந்தாளி மாதிரி. என்ன சொன்னாலும் உட்காராது. ஈ கார்டு வந்தால்தான் நிம்மதி. ஆனால் ஈ வந்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

முடிப்பதற்கு வேறு வழி இருப்பதாக அமெரிக்கர் சைகை காட்டினாராம். அந்த இடம் வரும்போதெல்லாம் போனில் டேட்டா தீர்ந்துவிடும்.

அவர் காட்டியதோடு தங்கராசு நிற்கவில்லை. இறங்குவது ஒரு பாதி என்றால் மறுபாதி எங்கே என்று யோசித்தான். அச்சுக்காரன் புத்தி. ஆறாவது தந்தியில் நாலாம் ஃப்ரெட், பிறகு ஐந்தாவது தந்தி வெறுமனே, அதிலேயே ஒன்று, இரண்டு என்று அடியிலிருந்து ஏறுகிற இன்னொரு பாதியைக் கட்டினான். மேலே ஒன்று இறங்க, கீழே ஒன்று ஏற, இரண்டும் ஒரே சுரத்தில் வந்து பொருந்தின. பொருந்திய இடத்தை நாள் கணக்கில் தேய்த்தான். கடைசியில் ஒட்டே தெரியவில்லை. பாட்டு எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்கிறவனுக்கும் தெரியாது, வாசிக்கிறவனுக்கும் தெரியாது.

அவன் வாசிக்க உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு அம்சவல்லி ஒரே தோசையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பாள். “அக்கா, எங்க வூட்ல யாருக்கும் இன்னும் டிபன் ஆவல. அண்ணன கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க” என்று சுவருக்கு மேலே தலையை நீட்டுவாள்.

பிராது கட்டிவிட்டு வந்த விருத்தாம்பாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். “சாமி தீர்ப்பு சொல்றதுக்குள்ள உங்களுக்கு ஒரு வாய்ப்புத் தரன். வர ஞாயித்துக்கெழம டிபன முடிச்சிட்டு ஒக்காருங்க. ஆரம்பிச்சத முடிச்சிக் காட்டுங்க. காட்டிட்டா நானே போயி ராஜினாமா குடுத்துட்டு வரன். இல்லன்னா கிடாரு மங்கலம்பேட்டைக்கே போவுது.”

“போவுதுன்னா?”

“போவுதுன்னா போவுதுதான்.”

தங்கராசு கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் அச்சில் விழுந்த பொம்மைகளெல்லாம் பெட்டியேறி எந்தெந்த ஊருக்கோ போய்விடும். அவன் செய்ததில் வீட்டோடு தங்கியது இந்த டர்ன்அரவுண்ட் ஒன்றுதான். கிடார் போனால் அதுவும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். நன்றாகத்தான் வந்தது, கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்தது. பாட்டு கடைசிக்கு வரும், டர்ன்அரவுண்ட் அதை அலுங்காமல் வாசலுக்குக் கொண்டுவரும், மறுபடி கிளம்பிவிடும். வெயில் ஏறியது. கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளில் வந்து, சூளையில் வெந்து இறக்கிய பொம்மைகள் திரும்பவும் பச்சை மண்ணாகி நெளிகின்றன என்று தகவல் சொல்லிவிட்டு, வந்த வழியே போய், மறுபடி வந்து அதையே சொன்னார்.

அடுத்து வந்தவன் சேத்தியாத்தோப்பு பஸ் கண்டக்டர் கொளஞ்சிநாதன். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க நின்றான்.

“அண்ணே, இன்னாண்ணே பண்றீங்க? சேத்தியாத்தோப்புக்குன்னு வண்டிய எடுக்கறம், ஆத்துப் பாலம் தாண்டறம், இறங்கிப் பாத்தா நம்ம பஸ்ஸ்டாண்டு. உள்ள ஒரு கல்யாண கோஷ்டி சீர்த்தட்டோட ஒக்காந்திருக்குது. மாப்பிள்ளயே அதுலதான் இருக்காரு. டிரைவரு அழுவுறாரு.”

“நிறுத்தத் தெரிஞ்சா நிறுத்த மாட்டனா, கொளஞ்சி?” விரல் இறங்கிக்கொண்டே இருந்தது.

“கைய எடுத்துடுங்க. அவ்ளோதான!”

தங்கராசு மனைவியைப் பார்த்தான். அவள் கூடாது என்று தலையை ஆட்டினாள். “கைய எடுத்தா அது முடிஞ்ச பாட்டு இல்ல, அறுந்த பாட்டு. அறுந்தது கணக்குல வராது.”

“அக்கா, தாலி கட்டற நேரம் போயிடும்க்கா!”

“மாப்பிள்ள எங்க போயிடப் போறாரு? சுத்திச் சுத்தி இங்கதான வராரு.”

சொன்னாளே தவிர, அவளுக்கும் மனசு கேட்கவில்லை. நேரமாகிறதே என்று கிண்டிய உப்புமாவை உருட்டிப் புருஷன் வாயில் ஊட்டிக்கொண்டே முதல் தடவையாகப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்பு அதே கம்பெனியில் பொம்மை செப்பனிடுகிற வேலை பார்த்தவள் அவள். இரண்டு சுற்று போனது.

“ஏங்க, இதுல ஓட்ட எங்க?”

“இன்னா ஓட்ட?”

“பொம்மைக்கு அடியில ஊசியால குத்துவமே, காத்துப் போவ. குத்தாம சூளையில வெச்சா வெடிக்குமில்ல? நீங்க எங்கயும் குத்தவே இல்ல. நாலு பக்கமும் மூடி மெழுவிட்டீங்க. பாட்டு எந்தப் பக்கமாங்க வெளிய வரும்?”

தங்கராசுவுக்குக் காது சிவந்தது. அச்சு வேலையில் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்ததில்லை. அந்தச் சுற்றை வாசித்தான். மேலிருந்து இறங்கியது, கீழிருந்து ஏறியது, இரண்டும் பொருந்தின. பி செவன் விழ வேண்டிய இடத்தில் அவன் ஒன்றும் வாசிக்கவில்லை. ஒரு தாளத் தட்டு சும்மா விட்டான்.

அந்த ஒரு தட்டில் தெருவே மூச்சு விட்டது. பஸ்ஸ்டாண்டு ஹாரன் ஒன்று கேட்டது. எப்போதும் வாசலுக்கே போய்ப் பழகிய கை, போக இடம் இல்லாமல் தடுமாறி, ஒரு ஃப்ரெட் தள்ளி எஃப் செவனைத் தொட்டு, அங்கிருந்து சறுக்கி ஈ செவனில் வந்து நின்றது. பாட்டு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சிதா?” என்றான் கொளஞ்சிநாதன், நம்பாமல்.

“போய்ப் பாரு, வண்டி போவும்” என்றாள் விருத்தாம்பாள்.

வண்டி போனது. தாலியும் நேரத்துக்கு ஏறியது. அம்சவல்லியின் தோசை மட்டும் கரிந்துவிட்டது. அந்தப் பழி இன்றுவரை தங்கராசு மேல்தான். மறுநாள் விருத்தாம்பாள் தலைக்குக் குளித்துவிட்டு மணவாளநல்லூர் போனாள். என்ன வழக்கும்மா, தீர்ந்துதா என்று கோயிலில் கேட்டார்கள். “பாட்டு முடிஞ்சிடுச்சிங்க” என்று ராஜினாமாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

சொன்ன சொல் தவறாதவள். கிடார் மங்கலம்பேட்டைக்குப் போகவில்லை. பாட்டு முடிந்த கிடாருக்குத் தந்தி எதற்கு என்று தங்கராசு அதையே அச்சில் போட்டு வார்த்துவிட்டான். இப்போதும் அவர்கள் வீட்டு ஷோகேஸில்தான் இருக்கிறது: ஒரு சாண் உயரப் பீங்கான் கிடார், அடியில் காற்றுத் துளை உண்டு, தந்தி கிடையாது.