ஏறின நேரம்

துபாய்க்குப் பக்கத்தில் ஜெபல் அலியில் துறைமுகம் வெட்டிக்கொண்டிருந்த காலம். எழுபத்தேழாம் வருஷம், டிசம்பர். வைரவன் அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தான். நாற்பது பேர் கொண்ட ஒரு கேங்கு சைட்டுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் அவன் வேலை. தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த கையெழுத்து, அச்சடித்ததுபோல் இருக்கும். அந்தக் கையெழுத்துக்காகத்தான் மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தார்கள்.

மிச்ச நேரத்தில் அவன் அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து பாடப் புத்தகம் வரும். கேள்விக்கு விடை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த மாதக் கேள்வி சீனாவைப் பற்றியது. சின் வம்சம் பதினைந்தே ஆண்டில் விழுந்தது, அதற்குப் பின்வந்த ஹான் வம்சம் நடுவில் ஒரு சின்ன இடைவெளி போக நானூறு ஆண்டு நின்றது, காரணங்களை ஆராய்க.

வைரவன் ஆராய்ந்துவிட்டான். நாலு காரணம், ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு. படித்துக் காட்ட ஆள் வேண்டுமே. கேம்பில் அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் படுத்திருந்த கார்மேகம்தான் அகப்பட்டான். கமுதிப் பக்கத்துக்காரன், கம்பி கட்டுகிறவன்.

"தொள்ளாயிரம் பேரை எல்லைக்குக் காவலுக்குக் கூட்டிப் போறாங்க. வழியில அடைமழை. ரோடு போயிருச்சு. குறிச்ச நாளுக்குப் போய்ச் சேர முடியாது. தாமசமாப் போனா தலைய வெட்டணும்னு சட்டம். ஓடிப்போனாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு. சரி, எதிர்த்தே சாவோம்னு கிளம்பிட்டாங்க. அதுலதான் சின் வம்சம் ஆட்டங்கண்டுச்சு. பழைய சரித்திரத்துல இப்படித்தான் எழுதியிருக்கு" என்றான் வைரவன்.

கார்மேகம் யோசித்தான். "தொள்ளாயிரம் பேரையும் வெட்டிட்டா காவலுக்கு யாருண்ணே நிப்பா? ராசாவா?"

"அது கேள்வியில இல்ல."

"இல்லாட்டிப் போகுது. நீங்க கோடு போட்டது நல்லாருக்கு."

ஹான் வம்சத்தைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தி மட்டும் வைரவனுக்கு எந்தக் காரணத்தின் கீழும் அடங்கவில்லை. கலகப் படை சின் தலைநகருக்குள் புகுந்தபோது மற்றவர்கள் எல்லாம் பொன்னையும் பட்டையும் அள்ளப் போனார்களாம். பின்னாளில் ஹான் அரசனாகப்போகிற லியு பாங்கின் காரியஸ்தன் ஒருவன் மட்டும் நேரே அரசாங்கக் கச்சேரிக்குப் போய், விழுந்த அரசின் பதிவேடுகளை மூட்டை கட்டினானாம். கொடுங்கோலனின் ஏடு நல்லவனுக்கு எதற்கு என்று வைரவனுக்கு விளங்கவில்லை. அந்தச் செய்தியை விட்டுவிட்டான்.

கம்பெனியிலும் ஒரு சட்டம் இருந்தது. ஆறு மணிக்கு ஆள் சைட்டில் இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அன்றைக்கு முழு ஆப்சென்ட். ஆனால் வேலை மட்டும் செய்துதான் ஆக வேண்டும். வருஷத்தில் மூன்று ஆப்சென்ட் விழுந்தால் விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். கார்மேகத்துக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. ஒன்று காய்ச்சலில் படுத்தது. ஒன்று கக்கூஸ் வரிசையில் நின்று பஸ்ஸை விட்டது. கான்ட்ராக்டில் இன்னும் பதினாலு மாதம் பாக்கி.

சட்டம் இப்படி இருந்ததால் வைரவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். முந்தின நாள் சாயங்காலமே மறுநாளைய ஷீட்டில் நாற்பது பேருக்கும் எதிரே மசியால் 6.00 என்று எழுதிவிடுவான். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கியதும் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதும். பஸ் சில நாள் ஆறு ஐந்துக்கு வரும், சில நாள் ஆறு பத்துக்கு வரும். ஷீட்டில் மட்டும் பத்து மாதமாக ஆறு மணி ஆறு மணியாகவே இருந்தது. அதில் தப்பிருப்பதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. கேம்பிலிருந்து தார் ரோட்டுக்கு மூன்று மைல் மண்பாதை. ஐந்து பத்துக்கு பஸ் கிளம்பியது. வழுக்கி வழுக்கி ஒரு மைல் போகவே அரை மணிக்கு மேல் ஆயிற்று, அங்கே பின்சக்கரம் இரண்டும் உப்புச்சேற்றில் இறங்கிவிட்டன. ஓட்டிவந்த வேலூர்க்காரர் கௌஸ் முகம்மது இறங்கிப் பார்த்துவிட்டு, நனைந்த தலையோடு திரும்பி ஏறினார்.

"கலாஸ், கதை முடிஞ்சுது. நாற்பது பேரும் இறங்கித் தள்ளினா வரும். இல்லேன்னா மாஃபி, நகராது."

பஸ்ஸுக்குள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வைரவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஐம்பது.

"ஆறு அடிக்கப் பத்து நிமிசம் இருக்கு. எறக்கை கட்டித்தான் பறக்கணும்" என்றான் அம்மையப்பன். கேங்கில் மூத்த கம்பிக்காரன் அவன். "போனாலும் ஆப்சென்ட், போகாட்டியும் ஆப்சென்ட். பொறகு எதுக்குத் தள்ளணும்? போயி ஓசியில வேலை பாக்கவா?"

"அதானே" என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

"படுத்துத் தூங்குங்கப்பா. கேக்குறவன் இங்க வந்து கேக்கட்டும்."

"டைம்கீப்பருக்கு என்ன கவலை? அவரு நேத்தே ஆறு மணின்னு எழுதியிருப்பாரு" என்று யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

கார்மேகம் மட்டும் சிரிக்கவில்லை. முன்சீட்டுக்கு வந்து வைரவன் காதருகே குனிந்தான். "அண்ணே, ஒங்க சீனாக்காரய்ங்களும் இப்படித்தான் ஒக்காந்தாய்ங்களா?"

மூன்றாம் காரணம் என்று வைரவன் அழகாகக் கோடு போட்டு எழுதிய சங்கதி நாற்பது ஆளாக முன்னால் உட்கார்ந்திருந்தது. நாற்பது பேர் ஒன்றாக வேலைக்கு வராமல் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் ஸ்டிரைக், இந்த நாட்டில் அது குற்றம். கார்மேகம் ஒருவன் போவதோடு நிற்காது. நாற்பது பேரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஷீட்டில் இருக்கிற ஆறு மணியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. ஆபீஸர் சேதுமாதவன் துபாய் டவுனுக்குள் சத்வாவிலிருந்து காரில் தார் ரோட்டிலேயே வருகிறவர். மற்ற நாளில் ஏழுக்குத்தான் வருவார், இந்த மழைக்கு ஆறுக்கெல்லாம் கேட்டில் வந்து நிற்பார்.

அவன் எழுந்தான். பைக்குள்ளிருந்து ஷீட்டை எடுத்தான். பேனாவைத் திறந்து முதல் பெயருக்கு எதிரே இருந்த 6.00 மேல் கோடு அடித்து, பக்கத்தில் 5.10 என்று எழுதி, எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டினான்.

"இந்தா பாருங்க. நீங்க ஏறின நேரத்தை எழுதுறேன். போய்ச் சேர்ற நேரத்தையும் பக்கத்துல எழுதுவேன். சேத்துல நின்னதையும் எழுதுவேன். இதுக்கு மேல என் கையில ஒண்ணுமில்ல. இப்ப இறங்கித் தள்ளினாத்தான் நான் எழுதுறது ஆபீஸ்ல நிக்கும்."

"நிக்காட்டி?" என்றான் அம்மையப்பன்.

"நிக்காட்டி உங்களோட நானும் ஊருக்கு வர்றேன்."

அம்மையப்பன் எழுந்து கைலியை மடித்துக் கட்டினான். "எந்திரிங்கப்பா. டைம்கீப்பரு மொத மொதல்ல நெசத்தை எழுதுறாரு. கெடுக்க வேணாம்."

பஸ் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஐம்பது.

சேதுமாதவனின் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. மெட்ராஸில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர், கத்த மாட்டார். ஷீட்டை வாங்கி மேசைமேல் விரித்தார்.

"ஆறு மணிக்கு நான் கேட்ல நின்னேன். ஒரு ஆள் கிடையாது. இங்க அஞ்சு பத்துன்னு இருக்கு."

"அது ஏறின நேரம் சார். வந்த நேரம் அடுத்த கட்டத்துல இருக்கு. வண்டி மாட்டினது கீழ ரிமார்க்ஸ்ல."

"ரூல் தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆளுங்க லேட் இல்ல. வண்டிதான் லேட்."

"இன்னிக்கு மழை. நாளைக்குப் பஞ்சர். மறுநாள் டிரைவருக்கு வயித்துவலி. ஒரு தடவை விட்டுட்டா அப்புறம் ரூல்னு ஒண்ணு எதுக்கு, வைரவன்?"

வண்டியில் என்ன பேச்சு நடந்தது என்பதை மட்டும் வைரவன் சொன்னான். போனாலும் ஆப்சென்ட், போகாட்டியும் ஆப்சென்ட் என்றதை, யார் சொன்னது என்று சொல்லாமல் சொன்னான். சேதுமாதவன் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவருக்கும் தெரியும். மறுபடி ஷீட்டில் விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"கோடு அடிச்சிருக்கீங்களே, இந்த ஆறெல்லாம் எப்ப எழுதினது?"

"நேத்து சாயங்காலம் சார்."

"நேத்து மட்டுமா?"

"பத்து மாசமா."

சேதுமாதவன் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ பத்து மாசமா நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுட்டிருந்தேன்?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டவரைவிட நின்றவனுக்குத்தான் அந்தக் கேள்வி ஆழமாக இறங்கியது. ஒரு நிமிஷத்துக்கு ஒரு நாள் கூலி என்று சட்டம் போட்டால் எந்தக் குமாஸ்தா அந்த ஒரு நிமிஷத்தை எழுதுவான்? சட்டம் எவ்வளவுக்குக் கடுமையோ அவ்வளவுக்கு ஏடு பொய்யாகிவிடுகிறது. மேலே இருப்பவன் பொய் ஏட்டைப் பார்த்து எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறான். மழை ஒருநாள் பெய்து காட்டிக்கொடுக்கிறது. சின் வம்சத்தின் பதினைந்து வருஷம் என்பது ஒருவேளை அப்படி ஒரு மழை வர ஆன காலம்தானோ என்னவோ.

"பொய் எழுதினது தப்பு சார்" என்றான் வைரவன். "ஆனா நிஜத்தை எழுதியிருந்தா பத்து மாசத்துல இந்தக் கேங்குல ஒருத்தர் மிஞ்சியிருக்க மாட்டாங்க. ஏறினவுடனே கேம்ப்லயே பேர் கூப்பிட்டு எழுதலாம் சார். வண்டி கிளம்பறதுக்குள்ள ஏறினவன் ஆஜர். ஏறாதவன் ஆப்சென்ட். அதை ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க. நானும் பொய் எழுத வேண்டியிருக்காது."

சேதுமாதவன் ஷீட்டை மடித்துக்கொண்டு எழுந்தார். "மேனேஜர் ஒத்துக்கலேன்னா நாற்பது பேரும் ஆப்சென்ட். உங்க கதை தனி. வெளியில இருங்க."

வைரவன் மத்தியானம் வரை வெளியில் நின்றான். தூரத்தில் கார்மேகம் கம்பி வளைத்துக்கொண்டிருந்தான். இரண்டு கம்பிக்கு ஒருமுறை கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றரை மணிக்குச் சேதுமாதவன் வந்து இரண்டு காகிதம் கொடுத்தார். ஒன்று ஷீட், வெள்ளைக்கார மேனேஜர் ஏறின நேரத்தை ஏற்றுக்கொண்டு அடியில் கையெழுத்துப் போட்டிருந்தார். சனிக்கிழமையிலிருந்து கேம்பிலேயே ஆஜர் எடுக்கவும் உத்தரவு. இன்னொன்று வைரவனுக்கு வார்னிங் லெட்டர். இன்னொரு தடவை முன்கூட்டி எழுதியது தெரிந்தால் வேலை இல்லை.

கார்மேகம் அந்த லெட்டரை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான். "என்ன போட்டிருக்கான்?"

"திட்டியிருக்கான்."

"எனக்கு?"

"உனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு ஆப்சென்ட் ரெண்டாவே இருக்கு."

கார்மேகம் லெட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு கம்பிக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை லீவு. வைரவன் விடைத்தாளைப் பிரித்து, பதிவேட்டை மூட்டை கட்டிய காரியஸ்தனைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தான். நாலு காரணத்தின் கீழும் அடங்காததால் கோடு போடாமல் கடைசியில் எழுதித் தபாலில் சேர்த்தான்.

சனிக்கிழமை காலை பஸ் படிக்கட்டில் வெறும் ஷீட்டோடு நின்றான். ஒவ்வொருவராக ஏற ஏற எழுதினான்: 5.02, 5.02, 5.04. ஐந்து பத்துக்கு முப்பத்தொன்பது பேர் ஆகியிருந்தது. கௌஸ் முகம்மது இரண்டு மூன்று நிமிஷம் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார். அம்மையப்பன் ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறுகையில் ஷூவுமாக ஓடிவந்து, நகரப் போன வண்டியில் தொற்றினான்.

வைரவன் கடிகாரத்தைப் பார்த்து 5.13 என்று எழுதினான்.

அம்மையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டே ஷீட்டை எட்டிப் பார்த்தான். "என்னப்பா இது, எனக்கு மட்டும் பதிமூணு? பத்துன்னு போட்டா கொறைஞ்சா போயிருவே?"

"பதிமூணுக்குத்தானேண்ணே ஏறினீங்க?"

"பதிமூணுன்னு போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. உள்ள போய் உக்காருங்க."

அம்மையப்பன் நம்பாமல் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, பதிமூன்றுக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனான்.