கடைசி நாள் திருப்பித் தரப்படும்

என் வீட்டுக்காரருக்கு வாயில் மிச்சமிருந்தது பதினொரு பல். அந்தப் பதினொரு பல்லுக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து இரண்டு பெரிய பாட்டில் வாங்கிப் பெட்டியில் வைத்தார் என்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். பிராந்தி. நிறம் பொருந்துகிற மருந்தாகத் தேடி வாங்கியிருக்கிறார். மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தைக்கூடப் பசை தடவி ஒட்டியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக் கை, சும்மாவா.

கப்பல் பயணம் எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் கொடுத்தது. ஐந்து நாள். ஆளுக்கு ஒரு ஒயின் பாட்டில் கையோடு கொண்டுவரலாம், வேறு மது கூடாது என்று டிக்கெட்டோடு ஒரு தாள் வந்தது. கரண்ட் பில்லைக்கூடப் படிக்காத மனிதர் அதை நாலு தடவை படித்தார்.

"உன் பங்கு ஒயினையும் வாங்கிட்டேன். நீதான் தொட மாட்டியே" என்றார்.

என் மனசுக்குள் வேறு திட்டம் இருந்தது. ஐந்து நாள், சுற்றிலும் தண்ணீர், தெருமுனைக் கடை கிடையாது. இந்த மனிதரைத் திருத்த இதைவிட்டால் வேறு வாய்ப்பு வராது என்று நினைத்தேன்.

துறைமுகத்தில் பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தில் அவர் ஷூ லேஸ் கட்டக் குனிந்த நேரம், அங்கிருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னேன்: "அந்த மருந்து பாட்டிலைக் கொஞ்சம் திறந்து பாருங்கம்மா."

திறந்தாள். மறைத்துக் கொண்டுவந்ததால் ஒயினும் சேர்ந்து போயிற்று. நாலு பாட்டிலிலும் எங்கள் அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி, ஒரு சீட்டு கொடுத்தாள். 'கடைசி நாள் திருப்பித் தரப்படும்.' கப்பலில் எது வாங்கினாலும் அறைச் சாவி அட்டையைத்தான் நீட்ட வேண்டும்; ஏறியதும், அவருடைய அட்டைக்குப் பாரில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றும் வரவேற்பில் சொல்லிவைத்தேன்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்" என்றார் அவர்.

"யார் கண்டது" என்றேன்.

இரண்டாம் நாள் அவர் கை நடுங்கியது. டீ கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. சட்டை வேர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது. "ஒரு மூடி போதும்டி. எங்கயாவது வாங்கிக் குடேன்" என்று கெஞ்சினார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். விஷம் இறங்குகிறது, உடம்பு சுத்தமாகிறது என்று நம்பினேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் காலை, குளியலறை வாசலில் விழுந்தார். கை கால் வெட்டிவெட்டி இழுத்தது.

கப்பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். முதல் கேள்வியே அதுதான்: "குடிப்பாரா? திடீர்னு நிறுத்தினாரா?"

"சேச்சே. அவருக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது. முப்பது வருஷமாக அவருடைய சூப்பர்வைசரிடம் "காய்ச்சல்", என் அண்ணனிடம் "அசதி", மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் "அந்த வாடையே அவருக்கு ஆகாது". முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து, கடைசியில் பூசணிக்காய் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

டாக்டர் தலையில் அடியா, மூளையில் கட்டியா என்று தேடினாள். மத்தியானம் அவர் கப்பல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சுவரைத் தடவினார். "லிஃப்ட் நடுவுல நிக்குது. உள்ள ஆளு இருக்கு, கதவைத் தொறங்க" என்று கத்தினார். உடம்பு கொதித்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, குடிப்பாரா?" என்றாள் டாக்டர் மறுபடியும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாள் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து போன பிறகுதான், சாயங்காலம், சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டையும் காட்டினேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை.

"இப்படிப்பட்டவங்களுக்கு ஒரேயடியா நிறுத்தக் கூடாதும்மா. கொஞ்சங்கொஞ்சமா, மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும். காலையிலயே சொல்லியிருக்கலாமே" என்று ஊசியை எடுக்க ஓடினாள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மறுநாள் விடிந்து ஒரு மணி நேரத்தில் அவர் இதயம் நின்றது.

அதற்கடுத்த நாள், கடைசி நாள், கதவைத் தட்டினார்கள். விஷயம் தெரியாத ஒரு பணியாள், தட்டில் நாலு பாட்டிலோடு சிரித்துக்கொண்டு நின்றான். சீட்டில் கையெழுத்துக் கேட்டான். போட்டேன். நாலையும் அவருடைய கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பசை போட்டு ஒட்டிய வளையம் ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது.

மகள் போன் செய்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது.

"நெசத்தைச் சொல்லும்மா. அப்பா அங்க குடிச்சாரா?"

"இல்லம்மா, ஒரு சொட்டுகூட இல்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அது உண்மை.