இடது நாற்காலிக்காரி

1

போன ஆவணியில், பட்டப்பகலில், நூற்றெண்பது பேர் உட்காரக்கூடிய ஜெட் விமானமொன்றை எங்கள் வீட்டு மாடியறைக்குள் பத்திரமாக இறக்கினேன். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டி மட்டும் கொஞ்சம் ஆடியது.

நம்பாதீர்கள். என் மனைவி ரங்கம்மாவே நம்பவில்லை. "இவரு சொல்றதுல முக்கால்வாசிய கழிச்சிட்டு மிச்சத்தயும் வடிகட்டிக்கணும்" என்பது அவள் எல்லா விருந்தாளிக்கும் தரும் எச்சரிக்கை. ஓசூரில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரச் சோதனையில் இருந்தவன் நான். முடி அகலம் பிசகினாலும் ஒதுக்கி வைத்தே காலம் போயிற்று. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து அளவென்பதையே மறந்துவிட்டேன். அந்தச் சுகத்தில் பிறந்த கதை இது.

2

முதல் தொடக்கம்: "வானத்தை அளக்கும் அந்தப் பெண்ணின் கண்களில்—"

வேண்டாம். அவள் கண்களை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

இரண்டாவது: "இன்னும் வராத விமான நிலையத்துக்குப் பத்தே நிமிடம் என்று மனை விற்கும் பலகைகள் நிற்கும் ஊரில்—"

இது பரவாயில்லை. ஆனால் கதை பலகையைப் பற்றியதல்ல, நாற்காலியைப் பற்றியது.

மாடியில் குடியிருப்பவர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வார்ப்படத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அவர் மகள் சத்யப்ரியா விமானி. சின்னக் கம்பெனி ஒன்றில், சேலம், மைசூர் என்று பக்கத்து ஊர்களுக்குப் போகும் விசிறி விமானத்தில், அதாவது இறக்கையில் விசிறி சுழலும் விமானத்தில், வலது நாற்காலி அவளுடையது. வலது துணை விமானிக்கு, இடது கேப்டனுக்கு. இன்னும் சில மாதம் பொறுத்தால் அங்கே இடது நாற்காலி கிடைத்துவிடும். ஆனால் சின்னக் கம்பெனிகள் காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்காது. டெல்லியிலிருக்கும் பெரிய ஜெட் கம்பெனியோ அவளைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. போனால் வேலை கெட்டி. ஆனால் வரிசையின் கடைசி ஆளாகச் சேர்ந்து, பத்து வருஷமானாலும் வலது நாற்காலியே கதி என்று கிடக்க நேரலாம்.

இருப்பதா, போவதா? சோறு இறங்கவில்லை அவளுக்கு.

3

[இந்தப் பகுதியில் மிகையே இல்லை. மிகை செய்யத் தைரியம் வரவில்லை.]

விமானிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விமானி அறையின் முழு அளவுப் படத்தைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, காகிதப் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டு ஓட்டிப் பழகுவார்கள். சத்யப்ரியா ஜெட் படம் ஒட்டியிருந்தாள். கேப்டன் பேச வேண்டிய வரிகளை வாசிக்க ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்து இடது நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அங்கிள், நீங்க சொந்தமா ஒண்ணும் சேக்கக்கூடாது. அட்டையில இருக்கறத மட்டும் படிங்க."

"பயணிகளுக்கு ஒரு வணக்கமாச்சும் சொல்றனே சத்யா?"

"சொன்னா நடுவானத்துல எறக்கி உட்ருவன்."

வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுடலைமுத்து சிரித்தார். "ஏவே, பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து பேப்பரத் தடவுதீரே, பாக்கவங்க என்ன நெனைப்பாவ?"

அவளுக்கு ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறை சரிபார்க்கும்போதும் வாய்ப்பழக்கத்தில், இப்போது ஓட்டும் விமானத்தின் விசிறிக்கான வரியையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். ஜெட்டில் ஏது அது? நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஒரு நாள் மதியம், சுடலைமுத்துவும் வாசற்படியில் இருந்தபோது, கரண்ட் போயிற்று. முழங்கால் வலித்ததால் நான் எழுந்து பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். இடது நாற்காலி காலி. விமானம் இறங்குமுன் சொல்லும் சரிபார்ப்பு வரிகளைப் படிக்கச் சொன்னாள் அவள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது. இடது நாற்காலியிலிருந்து.

சத்யப்ரியாவின் குரல். ஆனால் அவள் வாய் மூடியிருந்தது. வயது கூடிய, ரொம்பக் காலம் பேசிப் பேசித் தேய்ந்த குரல். அவசரமில்லாமல் வரிவரியாகப் போயிற்று. நாற்காலியின் கால்கள், யாரோ உடம்பைச் சாய்த்ததுபோலத் தரையில் மெல்ல விரிந்தன. அறை முழுக்கச் சூடான எண்ணெய் வாசனை. சத்யப்ரியா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினாள். அப்புறம் ஒன்றுமில்லை. கரண்ட் வந்தது.

4

தேர்வில் அவள் தேறிவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொன்னது பெரிய கம்பெனி. அன்று காலை கீழே இறங்கி வந்தாள்.

"அங்கிள், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கொரலு விசிறி வரியச் சொல்லிச்சா, சொல்லலியா?"

அவள் கேட்பது புரிந்தது. பேசியது அவளேதான், எப்போதோ கேப்டன் ஆகிவிட்ட அவள். விசிறி வரி வந்திருந்தால் அவள் சின்னக் கம்பெனியிலேயே இருந்துவிட்டவள். வராமலிருந்தால் ஜெட்டுக்குப் போனவள்.

"நான்தான் பாதியில காதப் பொத்திக்கினேன். நீங்க முழுசா கேட்டீங்க இல்ல?"

கேட்டேன். ஆனால் அதற்குள் இந்தக் கதையை மூன்று விதமாக எழுதியிருந்தேன். முதல் பிரதியில் விசிறி வரி வருகிறது, குரல் அழுகிறது. இரண்டாவதில் வரவில்லை, குரல் சிரிக்கிறது. மூன்றாவதில் அந்த வரியோடு மின்விசிறியே கழன்று ஓசூர் மலைக்கோயில் வரைக்கும் பறக்கிறது. மூன்றையும் நானே நம்பிவிட்டேன். உண்மையில் கேட்டது எதுவென்று எவ்வளவு தோண்டியும் வரவில்லை.

(இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

"மறந்துட்டன் சத்யா."

திட்டியிருந்தால் தேவலை. விடுவிடுவென்று மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

5

மிச்சமிருந்த காது சுடலைமுத்துவுடையது. மிகை கலக்காத காது.

"அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? கரண்ட் போச்சு, காத்தாடி நின்னுச்சு, நீ கத்துனே. இந்தாளு கதை எழுதுதாரு. வேற ஒண்ணும் நடக்கல."

"நாற்காலி அசஞ்சது?"

"பிளாஸ்டிக் அசையத்தான் செய்யும்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை. நான் என் மூன்று பிரதிகளையும் வாசித்துக்காட்ட, மூன்றுக்கும் ஒரே தீர்ப்பு: "பச்சப் பொய்யி."

முடிவு அ: அவள் சுவரிலிருந்த ஜெட் படத்தைக் கிழித்துவிட்டு—

முடிவு ஆ: பெட்டி கட்டிக்கொண்டு டெல்லிக்கு—

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாயங்காலம் வெளிச்சம் மங்குமுன் சத்யப்ரியா வலது நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தாள். அது பேசவில்லை. பிறகு போனை எடுத்துப் பதிலைத் தட்டினாள். என்ன தட்டினாள் என்று எட்டிப் பார்க்க முயன்றேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அனுப்பிட்டியா?" என்றார் சுடலைமுத்து.

"அனுப்பிட்டன்ப்பா."

"இனிமே மாத்த முடியாதுல்லா?"

"முடியாது."

அவர் இடது நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அதைத் தொடவில்லை.

"முன்னாடியே சொல்லிருந்தா அந்தக் கொரலு போன வழியிலயே நீயும் போயிருப்ப. அதான் சொல்லல." அவர் மகள் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சு தாயி. கடைசி வரி வரைக்கும் கேட்டுச்சு."