மஞ்சள் சாவி உயிரோடிருக்கும்வரை

1

இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. குப்பை போட வெளியே வந்தேன், காற்று கதவைச் சாத்திவிட்டது. சாவி உள்ளே, நான் வீட்டுச் செருப்போடு வெளியே. சீனாவின் சோங்சிங் நகரத்தில் எங்கள் மாடிப்படிச் சுவர் பூராவும் பூட்டுத் திறப்பவர்களின் எண்கள், ஒன்றின் மேல் ஒன்றாக முத்திரை குத்தியிருக்கும். முகம் தெரியாத ஒருவனைக் கூப்பிட்டு என் கதவைத் திறக்கச் சொல்வது என்பது... [முடிக்கவில்லை. அந்தப் பயம் உங்களுக்கும் இருக்கும்.]

பக்கத்து வீட்டார் ஒருவரை அனுப்பினார்கள். திறந்து முடித்துக் கைதுடைக்கும்போது அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் விதை. இங்கே புது வீட்டுப் பூட்டோடு இரண்டு வகைச் சாவி வரும். மஞ்சள், வீட்டு வேலை செய்பவர்களுக்கு. வெள்ளை, ஒட்டிய உறைக்குள், வீட்டுக்காரருக்கு. வேலை முடிந்ததும் உறையைக் கிழித்து வெள்ளையை ஒருமுறை திருப்பினால் போதும், அதன்பின் மஞ்சள் எதுவும் அந்தப் பூட்டைத் திறக்காது. செத்துப்போகும்.

சாவி என்ற சொல்லுக்குள்ளேயே சாவு எட்டிப் பார்க்கிறது. தமிழில் எழுதுகிறவன் இதை விடுவானா?

2

முதல் தொடக்கம்: ‘ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து...’ [மூடுபனியில் தொடங்காத சோங்சிங் கதை இருக்கிறதா? அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: ‘சூஃபென்னின் மஞ்சள் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது.’

இது நிற்கும். அடித்த மூடுபனிதான் போகவில்லை. படியேறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கீழே ஆற்றில் படகு ஊதுவது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. சூஃபென் கையில் பாதிச் சாவி, பையில் பட்டாணிக் கொழுந்து. மேசைமேல் கொதிக்கும் குழம்புச் சட்டியில் வேகவைத்துச் சாப்பிடும் கடையில் பகல் முழுக்கக் காய் நறுக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

குடிவந்து வருஷங்கள் ஆகியும் அவளிடம் ஏன் மஞ்சள் சாவி? வீட்டில் ஓடு பதித்தவன் அவள் தம்பி ச்சிலின். காதில் பென்சில் செருகியிருப்பான். பூட்டு முரண்டு பிடித்தால் அந்தப் பென்சிலைச் சாவியில் தேய்த்துத் திருப்புவான். குடிபுகுந்த அன்று விருந்தினர் நடுவே அவள் கை நீட்டினாள்.

“வேலதான் முடிஞ்சுதுல்ல. சாவியக் குடு.”

விளையாட்டாகச் சொன்னாளா? [மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் குரலில் கொஞ்சம் விஷம் இருந்தது. பணக்காரச் சொந்தங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.]

“எதுக்குக்கா குடுக்கணும்? நான் வேணாம்னு தோணுற அன்னிக்கு உன் வெள்ளைய ஒரு திருப்பு திருப்பு. என்னுது தானாச் செத்துரும்.”

படியிறங்கிப் போனவன் போன்கூட எடுப்பதில்லை. அவள் அந்த உறையைக் கிழிக்கவில்லை. தன்னிடம் இருந்த ஒற்றை மஞ்சளை வைத்தே காலம் தள்ளினாள்.

3

பூட்டுக்காரர் பெயர் பூ. நான் வேண்டுமென்றே வைத்ததாக நினைப்பீர்கள். அது இங்கே சாதாரணக் குடும்பப் பெயர். மாற்றிப் பார்த்தேன், வேறு பெயருக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவரைக் கூட்டிவந்தவள் கீழ்வீட்டு தெங் அக்கா. “சுவத்துல இருக்கிற எவனையும் கூப்டாத. இவர் எண் சுவத்துலயே கிடையாது. ” பூவிடம் திரும்பினாள். “இந்த வீடு இவளோடதுதான்ணே, நான் சாட்சி.”

பூ மெல்லிய கொக்கியால் முறிந்த துண்டை எடுத்தார், கம்பியால் கதவைத் திறந்தார். சூஃபென் உள்ளே ஓடி உறையைக் கொண்டுவந்தாள். பிறகு கொடுக்க மனமில்லாமல் நின்றாள்.

“அத நான் தொட மாட்டேம்மா. வீட்டுக்காரங்கதான் கிழிக்கணும்.”

“கிழிக்க வேணாம்ணே. இந்தத் துண்டுகள வெச்சு இன்னொரு மஞ்சளே வெட்டிக் குடுங்க.”

“மஞ்சளுக்கு நகல் வெட்டினா நானும் சுவத்துல இருக்கிறவனும் ஒண்ணு. அத மட்டும் கேக்காத.”

“அதுக்குத்தானேடி இவரக் கூட்டியாந்தேன்!” என்றாள் தெங் அக்கா பெருமையாக.

“கொஞ்சம் யோக்கியம் கம்மியான ஆளாக் கிடைக்கலயாக்கா உனக்கு?”

தெங் அக்கா சிரித்தாள். சூஃபென் அழுதுகொண்டிருந்தாள். நம்பகமான ஆளைத் தேடினால் கிடைத்துவிடுகிறார்; அதுதான் தொல்லை. உறையைக் கிழித்தால் தம்பியின் சாவி சாகும். கிழிக்காவிட்டால் தன் வீட்டுக்கே அவளிடம் சாவி இல்லை.

பூ துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். விரல் கறுத்தது.

“சாவிதான் தேஞ்சு போச்சு. பூட்டு ஜோரா இருக்கு. பென்சில் கரி போட்டு வெச்சிருக்க பாரு. புதுசு, இன்னும் ஒட்டுது.”

“நான் ஒண்ணும் போடலயே.”

“அப்ப யாரு?”

மூடுபனி வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. பகல் முழுக்க அவள் கடையில் இருக்கும்போது இந்த வீடு காலியாகத்தான் இருக்கும் என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நானும் பென்சிலில்தான் எழுதுகிறேன். சூஃபென் அழுதது எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கரி ச்சிலின் கையிலிருந்து வந்ததா, என் கையிலிருந்தா என்று சத்தியமாகத் தெரியவில்லை.)

4

முடிவு ஒன்று: கிழிக்கிறாள், திருப்புகிறாள். எங்கோ ஒரு சட்டைப் பையில் மஞ்சள் சாவி சத்தமில்லாமல் சாகிறது. [எழுதும்போது கை ஒத்துழைக்கவில்லை.]

முடிவு இரண்டு: படியில் காலடிச் சத்தம், காதில் பென்சிலோடு... [ரொம்ப வசதி. அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். அழிந்த தடத்தை உற்றுப் பார்த்தால் படிக்கலாம்.]

மூன்றாவதற்கு முன்பே பூ கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சூஃபென் சேமியாவை வேகவைத்துக்கொண்டிருக்கிறாள், பட்டாணிக் கொழுந்து போட்டு, இரண்டு கிண்ணம். கதவு ஒருக்களித்திருக்கிறது. நாளைக்கு அவள் வேலைக்குப் போகவேண்டும், அப்போது பூட்டித்தான் ஆகவேண்டும்.

நானும் பூ மாதிரிதான். கதவை உங்களுக்குத் திறந்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு உரிமை இல்லை. படித்து முடித்ததும் வீடு உங்களுடையது, உறை இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

கிழிக்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சேமியா ஆறுவதற்குள்.